ஒரு மூச்சு பிந்தி வரும் சிரிப்பு

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, ஆயிரம் காட்சிகளுக்கு மைக் பிடித்துக் காது மங்கிய மூத்தவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களுள் ஒருவராய், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, இவன் என்ன உளறப்போகிறானோ என்று கவலையோடு பார்க்கும் என் அம்மா அவர்களே, கதவோரம் நிற்கும் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தொலைக்காட்சி ஒலிப்பதிவாளர் சங்கத்து ஆண்டுவிழாவில் பேச, போயும் போயும் என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பு, ‘தடுமாறும் நாவும் தானாய் வரும் நகையும்’. பேசத் தெரியாதவன்தான் இதைப் பேசத் தகுந்தவன் என்று தலைவர் முடிவு கட்டிவிட்டார். சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் பட்டப்பெயர் ‘உளறல்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்கிறது. நண்பனின் கல்யாணத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இதே மாதிரி உனக்கு இன்னும் பல கல்யாணம் நடக்கணும்” என்று வாழ்த்தியவன் நான். துக்க வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறி, “கூட்டம் நல்லா வந்திருக்கு, ஏற்பாடு பிரமாதம்” என்று மூத்த மகனின் முதுகைத் தட்டியவன் நான். வாயைத் திறந்தால் வம்பு, மூடினால் முழி. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு நான் ஒலி சேர்க்கும் நகைச்சுவைத் தொடரின் எழுத்தாளர் ஒரு சித்தப்பா பாத்திரமே செய்துவிட்டார். மாலை ஆறரை மணிக்கு நீங்கள் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சித்தப்பா நான்தான்.

தடுமாறுகிறவனைக் கண்டு ஏன் சிரிக்கிறோம்? இரக்கம் இல்லாமலா? இல்லை ஐயா. அந்த இடத்தில் நான் இல்லையே என்ற நிம்மதி பாதி, நானும் அப்படித்தானே என்ற நெருக்கம் பாதி.

என் உளறலுக்கு முதல் ரசிகை என் அக்கா. ஆனால் அவளுக்கு எதுவும் சட்டென்று பிடிபடாது. எல்லோரும் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போன பிறகு, தனியாக ஒரு சிரிப்பு வரும். அது அக்கா. தொடர் தொடங்கிய வருடம், முப்பது பேரை ஒலிக்கூடத்தில் உட்காரவைத்துச் சிரிப்பைப் பதிவு செய்தோம். அக்காவும் வந்தாள். பதினோரு வருடமாக அதே சிரிப்பைத்தான் தொடரின் பின்னணியில் போட்டு வருகிறோம். இருபத்தொன்பது பேர் ஒன்றாகச் சிரிப்பார்கள். ஒரு குரல் மட்டும் ஒரு மூச்சு பிந்தி வரும்.

நான்கு வருடங்களுக்கு முன் அக்கா மருத்துவமனையில் கிடந்தாள். அதுதான் கடைசி நாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிளம்பும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, “அக்கா, நாம இங்கேயே அடிக்கடி சந்திக்கணும்” என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்து போய் லிஃப்டில் ஏறி, கதவு மூடுகிற நேரத்தில் அவள் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு அவள் குரலை நான் நேரில் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா ஆறரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் வீடு திரும்பியதும், “இன்னைக்கு மூணு தரம் சிரிச்சாடா” என்பார். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவர் நாள் ஓடியது.

மூன்று மாதத்துக்கு முன் இயக்குநர் என்னிடம், “அந்த லேட் சிரிப்பு உறுத்துது. தூக்கிடு” என்றார். யாருடைய சிரிப்பு என்று சொல்லியிருக்கலாம். வேண்டாத இடத்தில் எல்லாம் ஓடுகிற நாக்கு அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் கையாலேயே அழித்தேன். அன்று தயங்கித் தயங்கித்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா சொன்னார், “இன்னைக்கு அஞ்சு தரம் சிரிச்சாடா.”

மறுநாள் அந்தப் பகுதியைப் போட்டுக் கேட்டேன். ஹெட்ஃபோனை மாற்றிக் கேட்டேன். திரையில் ஒலிக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டத்தின் சிரிப்பு முடிகிற இடத்துக்குப் பின்னால் வெறும் நேர்கோடு. ஆனால் அம்மா விடாமல் சொல்கிறார். ஏழு தரம். ஒன்பது தரம். நேற்று பதினொன்று.

அம்மா, மூன்று மாதமாக உன்னிடம் சொல்ல முடியாததை முந்நூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன். அக்கா சிரிப்பு அதில் இல்லை. நான்தான் அழித்தேன். பயமாக இருந்தது, சொல்லவில்லை. மன்னித்துவிடு.

என்னம்மா? மைக்கை அவரிடம் நீட்டுங்கள். வேண்டாமா? சரி, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். அம்மா சொல்கிறார், “தெரியும்டா. டிவியில அவ சத்தம் நின்னு மூணு மாசம் ஆச்சு. இப்பல்லாம் சோபாவுல என் பக்கத்துல உக்காந்துதான் சிரிக்கிறா.”

 மின்விசிறி ஓடுவது எனக்கே கேட்கிறது.

அன்பர்களே, இந்த உரையை நான்கு தடவை எழுதித் திருத்தி எடுத்துவந்தேன். இனி இந்தத் தாள் எதற்கு? நா தடுமாறுவது குற்றமா? குறையா? கல்யாணத்தில் உளறினேன், வாழ்த்தத்தான் உளறினேன். துக்கத்தில் உளறினேன், துணை நிற்கத்தான் உளறினேன். மருத்துவமனையில் உளறினேன், பிரிய மனமில்லாமல் உளறினேன். வாயை மூடிக்கொண்டிருந்த இந்த மூன்று மாதம்தான் என் வாழ்நாளின் பெரிய தவறு. சொல்லிவிடுங்கள். திக்கிச் சொல்லுங்கள், திணறிச் சொல்லுங்கள், தப்பாகவே சொல்லுங்கள். புரிந்துகொள்ள வேண்டியவர் கொஞ்சம் பிந்தியாவது புரிந்துகொள்வார்.

விடைபெறும் முன் ஒரு வேண்டுகோள். நம் தலைவர் நூறாண்டு வாழ வேண்டும். வாழ்ந்து முடித்ததும், அவருடைய இரங்கல் கூட்டத்திலும் என்னையே பேச அழைக்க வேண்டும்.

ஐயா, நீங்களுமா சிரிக்கிறீர்கள்? நல்லது. எல்லோரும் சிரித்தாயிற்றா? இப்போது நான் கேட்டுக்கொண்டபடி, ஒரு மூச்சு நேரம்.

கேட்டதா?

தலைவருக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி. அம்மாவின் பக்கத்து நாற்காலியிலிருந்து கடைசியாகச் சிரித்தவருக்கும் நன்றி. வணக்கம்.