தம்பியைப் பற்றிய படிவம்

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும், டாக்டர். ஸ்மித்டன் தபால் நிலையக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள் நான். கறுப்பு மை, அடித்தல் திருத்தல் கிடையாது. என் தம்பி தன்னைப் பற்றி எழுதியதும் நான் அவனைப் பற்றி எழுதியதும் ஒத்துப்போகவில்லை, தெரியாமல் கட்டம் மாறிவிட்டதா என்று இவ்வளவு தயங்கிக் கேட்க வேண்டாம். தெரிந்தேதான் நிரப்பினேன்.

தம்பி வாரிக் உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பான். பதினொரு வருடத்துக்கு முன் எங்கள் பால் பண்ணையில் அவனுடைய நாலு சக்கர பைக் பிரேக் பிடிக்காமல் மேட்டிலிருந்து புரண்டது. அடியில் என் மகள் ப்ரான்வின். பதினாறு வயது. பிரேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் அவன். நான் ஒரு வார்த்தை ஏசியதில்லை, ஊரைக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமைதோறும் வந்து தலை நிமிராமல் என் வீட்டுப் புல்லை வெட்டுவான். டீ கொடுப்பேன். அவள் படத்துக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காரவைப்பேன்.

மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அழுகை நின்றுபோனது. சிரிப்பும்தான், ஆனால் அவன் சிரிப்பைப் பற்றி எனக்கென்ன. படத்தைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இருந்தாலும் புல் வெட்ட வந்தான். பொறுத்துக்கொண்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். மாத்திரையை மெல்ல நிறுத்தினீர்கள். மெல்பர்னில் ஒரு படுக்கை, கண்கட்டு, இசை, பக்கத்தில் துணைக்கு இரண்டு பேர், கண்ணுக்குள் காட்சிகள் காட்டும் காளான் மருந்து. இரண்டு முறை தருவதாக ஏற்பாடு. முதல் முறை முடிந்து வந்தவன் வேறு ஆள். பேக்கரிக்காரியிடம் அரட்டை அடிக்கிறான். பாட்டுக் குழுவில் சேர்கிறான். படகைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டான். சனிக்கிழமை என் சமையலறையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ப்ரான்வினப் பாத்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு நின்னா. 'நீ பட்டது போதும் மாமா'ன்னு சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ஆமாக்கா. உன்னையும் விசாரிச்சா."

பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் என் கனவில் வந்ததில்லை. பெற்றவளை விட்டுவிட்டு அவனிடம் போயிருக்கிறாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

மறுவாரம் உங்கள் படிவம் வந்தது. குணத்தில் மாற்றம் உண்டா என்று நெருங்கியவர் சொல்ல வேண்டுமாம். நாற்பத்துநான்கு கேள்விகளுக்கும் டிக் அடித்தேன். கடைசியில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அங்கே எழுதினேன்: தூங்குவதில்லை, ஓயாமல் பேசுகிறார், இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறார், இறந்தவள் அவருக்குக் கட்டளையிடுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவள் பேசியது நிஜம்தான் என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். இரண்டாவது முறையை ரத்து செய்தீர்கள்.

மாத்திரையும் இல்லை, காளானும் இல்லை. ஆறு வாரத்தில் படுத்துவிட்டான். என் பின்னறையில்தான் இருக்கிறான். சொன்னால்தான் குளிக்கிறான்.

"அக்கா, நெஜமாவே எனக்குப் புத்தி பேதலிச்சிருந்துச்சா?"

"ஆமாடா."

"அப்ப அவ வரலையா?"

"வரலடா. டீ ஆறுது, குடி."

கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னான், டாக்டர்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான்.

"ஒண்ணு எனக்கே மறந்துபோச்சுக்கா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அவ போறதுக்கு மொத நாள் சாயங்காலமே உன்கிட்ட சொன்னேன், பிரேக் புடிக்கல, வண்டிய யாரும் எடுக்க வேணாம்னு. காலைல மாட்ட ஓட்டிட்டு வர நீ அவசரத்துல அவள அனுப்பிட்ட. பரவால்லக்கா. உன்மேலயும் தப்பில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். என்னை மன்னித்துவிட்டுப் போனான்.

அதுவும் மருந்து காட்டிய மயக்கம்தான் என்று இப்போது நம்புகிறான். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.