பாஸ்வேர்ட் வாங்காத பெட்டி

அமலா: ...இல்ல மமதா, நானும் நல்லா அமுக்கித்தான் பாக்கறேன். ஒரு எழுத்து கூட வர மாட்டேன்னுது. கீபோர்டு போயிடுச்சின்னு நெனைக்கறேன்.

மமதா: கீபோர்டுக்கு ஒண்ணும் ஆவல அண்ணி. ஸ்வல்ப நிதானமா சொல்லுங்க. ஸ்கிரீன்ல இப்ப இன்னா கேக்குது?

அமலா: பாஸ்வேர்ட் கேக்குது. நீ சொன்னியே கருப்பு ஜன்னல், டெர்மினல்னு... அதுல கிளாஸ்காரங்க அனுப்புன வரிய அப்டியே காப்பி பண்ணி போட்டு என்டர் தட்டனேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சி. அடிச்சா ஒரு புள்ளி கூட வரல.

மமதா: வராது. இது விண்டோஸ் இல்ல, உபுண்டு; இதுல அது அப்டித்தான். பாஸ்வேர்ட வெளிய காட்டாது. காட்டலன்னாலும் உள்ள வாங்கிக்கும். நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டுங்க.

அமலா: கண்ண மூடிட்டு கோலம் போடற மாதிரி... இரு... ம், தட்டிட்டேன்.

மமதா: இன்னா சொல்லுது?

அமலா: சாரின்னுது.

மமதா: இன்னொரு வாட்டி அடிங்க. அவசரப்படாம.

அமலா: ...மறுபடியும் சாரி. நல்ல மரியாத தெரிஞ்ச பெட்டிதான். வேலதான் செய்ய மாட்டேன்னுது.

மமதா: என் பழைய லேப்டாப்பாச்சே, மரியாத இல்லாம இருக்குமா? சரி, காலைல ஆன் பண்ணி உள்ள போனப்ப இதே பாஸ்வேர்ட்தானே?

அமலா: இதேதான். அப்ப ஒழுங்கா உள்ள விட்டுச்சே.

மமதா: அத வச்சது யாரு?

அமலா: ...நான்தான். வேற யாரு?

மமதா: பென்டிரைவ் போட்டு, உபுண்டு ஏத்தி, எல்லாம் நீங்களேவா?

அமலா: ஆமா... நானேதான். வூட்ல சும்மா இருக்கற பொம்பளைங்க கத்துக்கக் கூடாதா?

மமதா: ஐயோ, தாராளமா கத்துக்கங்க. அந்த வூட்ல பெட்டி தட்டறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டவரு ஒருத்தரு இருக்காரே, அதான் ஆச்சரியமா கீது.

அமலா: அத இப்ப இன்னாத்துக்கு இழுக்கற? உங்க அண்ணன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிட்டாரு... மமதா, மணி ஒன்பதர தாண்டிடுச்சி. எனக்கு கை காலு ஓடல.

மமதா: கிளாஸ் பத்துக்குத்தானே?

அமலா: பத்துக்குத்தான். ஆனா அதுக்கு முன்னாடி எல்லாத்தயும் போட்டு, ஒரு சின்ன புரோகிராம் ஓட்டி, அத போட்டோ புடிச்சி அனுப்பனாத்தான் உள்ள சேப்பாங்களாம். இல்லன்னா அந்த எடம் வேற ஆளுக்கு போயிடும். இத வுட்டா மறுபடி எப்பன்னு தெரியாது. எடுக்கறவங்க ரொம்ப கறாராம்.

மமதா: அப்படியா? யாரு எடுக்கறாங்களாம்?

அமலா: பேரு ஒண்ணும் போடல. லிங்க் மட்டும் வந்துச்சி. கறாருன்னு மட்டும் சொல்றாங்க.

மமதா: ம்ம்... எனக்கும் பத்து மணிக்கு வேல இருக்கு அண்ணி. அதுக்குள்ள முடிச்சிடலாம், பயப்படாதீங்க. அந்த பாஸ்வேர்ட எனக்கு சொல்ல வேணாம். எழுதற மாதிரி வெள்ளையா ஒரு எடிட்டர் இருக்கும், அத திறந்து அதுல அடிச்சி பாருங்க. அங்க கண்ணுக்கு தெரியும்.

அமலா: இரு... தண்ணி வந்துடுச்சி. நீ போயி கொடத்த வைய்யி, போ... ஆங், சொல்லு மமதா.

மமதா: யார கொடத்த வைக்க சொல்றீங்க?

அமலா: அது... பக்கத்து வூட்டு வெங்கடம்மாவ.

மமதா: வெங்கடம்மாக்காவ வா போன்னா பேசறீங்க? அம்மா வயசாச்சே.

அமலா: நீ எடிட்டர பாரு முதல்ல! அடிக்கறேன்... ஐயையோ! மமதா, இது இன்னாது? இங்கிலீஷே வரல. ஜாங்கிரி ஜாங்கிரியா சுத்தினு வருது!

மமதா: ஜாங்கிரியா? ஹா... அண்ணி, அது கன்னடமா இருக்கும். கீபோர்டு கன்னடத்துல நின்னுனு இருக்குது. அதான் பெட்டி சாரி சொல்லுது. நீங்க இங்கிலீஷ்னு நெனச்சி அடிக்கறீங்க, உள்ள கன்னடம் போயினு கீது. கண்ணுக்கு தெரியாததால ரெண்டு பேருக்கும் புரியல.

அமலா: ரெண்டு பேருக்குமா?

மமதா: உங்களுக்கும் பெட்டிக்கும்.

அமலா: ஆங்... நேத்து பாப்பா கன்னட ஹோம்வர்க் இதுலதான் அடிச்சா. அவ மாத்திட்டு அப்டியே வுட்டுட்டா போல. காலைல உள்ள போனப்ப?

மமதா: அந்த வாசல் வேற, அங்க இங்கிலீஷே இருந்திருக்கும். சரி, ஒண்ணு செய்யணும். முதல் மூணு எழுத்து இன்னான்னு படிச்சி சொல்லுங்க. கன்னடத்துலயே ரெண்டு மூணு கீபோர்டு கீது, எதுன்னு பாக்கணும்.

அமலா: நானா படிக்கறது?

மமதா: வேற யாரு இருக்காங்க அங்க?

அமலா: ...இரு. கண்ணாடி போட்டுக்கறேன்... ம்... ம. அப்பால... ப. அப்பால... க.

மமதா: ...சூப்பர் அண்ணி. ரொம்ப கரெக்டா படிச்சீங்க. இப்ப விண்டோஸ் பட்டனயும் ஸ்பேஸையும் சேத்து ஒரு அமுக்கு அமுக்குங்க. மேல ஓரத்துல இங்கிலீஷ்னு மாறிச்சா?

அமலா: மாறிச்சி!

மமதா: இப்ப கருப்பு ஜன்னலுக்கு போங்க. அதே வரி, அதே பாஸ்வேர்ட்.

அமலா: ...மமதா! வாங்கிக்கிச்சி! அம்மாடி, வயித்துல பால வார்த்த. ஏதோ வரி வரியா ஓடுது.

மமதா: ஓடட்டும். நின்னதும் அடுத்த வரி... ஜீனின்னு ஒரு எடிட்டர், அப்பால பைத்தான் புரோகிராம் ஓட வென்வ்னு ஒண்ணு, ரெண்டயும் ஒண்ணா ஏத்திடலாம்.

அமலா: அவங்க அனுப்புனதுல அடுத்தது இன்னா கீதுன்னு நான் படிக்கறதுக்குள்ள நீயே சொல்றியே?

மமதா: ...எல்லா எடத்துலயும் இதான் போடுவாங்க. அடிங்க.

அமலா: அடிச்சாச்சி. எஸ்ஸுக்கு ஒய், நோவுக்கு என், எதுன்னு கேக்குது.

மமதா: ஒய் போட்டு என்டர்.

அமலா: மறுபடி ஓடுது... ஓடுது... நின்னுடுச்சி. ஐயோ, அசையவே இல்ல. மூடிட்டு மறுபடி திறக்கட்டுமா?

மமதா: வேணாம் வேணாம்! நடுவுல மூடனா அரையும் கொறையுமா நின்னுடும். அது நெட்ல இருந்து எறக்கினு இருக்கும். கைய எடுங்க. ரெண்டு பேரும் கைய எடுங்க.

அமலா: எடுத்துட்டோம்... எடுத்துட்டேன்.

மமதா: ம்ம்.

அமலா: ...அசைஞ்சிச்சி! திரும்ப பழைய மாதிரி டாலர் குறி வந்து நிக்குது.

மமதா: ஆய்து. அவ்ளோதான். இப்ப ஜீனிய திறந்து புது பைல். பிரிண்ட், அடைப்பு, மேற்கோள் போட்டு உள்ள ஹலோன்னு ஒரு பேரு. யாரு பேரு வேணா போடலாம். சேவ் பண்ணி எப் அஞ்சு பட்டன தட்டுங்க.

அமலா: யாரு பேரு போட...? ம்? ...சரி, சரி... அடிச்சிட்டேன். சேவ்... எப் அஞ்சு... வந்துடுச்சி! மமதா, வந்துடுச்சி!

மமதா: இன்னா வந்துச்சி? படிங்க.

அமலா: ஹலோ... ஹலோ மமதா.

மமதா: என் பேரா... சரி, போட்டோ புடிச்சி அனுப்பிட்டீங்களா?

அமலா: இதோ... அனுப்பியாச்சி. அப்பாடா. பத்தாவ இன்னும் அஞ்சாறு நிமிஷம் கீது. இப்பத்தான் மூச்சே வருது.

மமதா: நல்லது. அண்ணி, போன் ஸ்பீக்கர்லதானே கீது?

அமலா: ...ஆமா. ஏன்?

மமதா: குடியாத்தத்துல தமிழ் பள்ளிக்கூடம் படிச்சிட்டு இந்த கன்னட ஊருக்கு வந்தவங்க நீங்க. கோரமண்டல் ஸ்டேஷன் போர்டுல கன்னடத்துல பேரு தப்பா போட்டிருந்தா கூட தெரியாதுன்னு நீங்களே சிரிப்பீங்க. பாப்பா ஸ்கூலுக்கு போயிட்டா. கன்னடத்த படிச்சது யாரு?

அமலா: அது வந்து... எழுத்து பாத்தா தெரியாதா...

மமதா: அந்த மூணு எழுத்துக்கும் கீபோர்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மாதான் படிக்க சொன்னேன். பக்கத்துல யாரு நின்னு காதுல ஓதறாங்கன்னு பாக்க.

அமலா: அடிப்பாவி!

மமதா: அண்ணே, நீ அங்க கீறன்னு தெரியும்.

அமலா: கோச்சிக்காத மமதா. இவருக்குத்தான் இந்த கிளாஸு. பேக்டரில அளவு பாக்கறதுக்கு புது மிஷின் வந்துக்குது. இத படிச்சவங்களுக்குத்தான் அந்த செக்ஷனாம். இருபது வருஷமா மைக்ரோமீட்டர் புடிச்ச மனுஷன், வேற எவனோ வந்து அந்த எடத்துல உக்காந்தா தாங்குவாரா? லீவு போட்டுட்டு காலைலருந்து இந்த பெட்டியோட மல்லுக்கு நிக்கறாரு. உன்ன கேளுன்னா, காதுகுத்துல எல்லார் எதிர்லயும் பெட்டி தட்டறது ஒரு வேலையான்னு அவள கேட்டுட்டு இப்ப எந்த மூஞ்ச வச்சினு கேப்பேன்றாரு. ரெண்டு வருஷமா வூட்ல அந்த பேச்சுதான். என் பேர்ல சேத்து, நான் பேசற மாதிரி... நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மமதா: அந்த ஹலோ யாரு போட்டது?

பரத்: ...நான்தாம்மா.

மமதா: அப்பாடா... பேசிட்டியா. ரெண்டு வருஷம்ணே. நீ கூப்புட மாட்டியான்னு ஒவ்வொரு வாட்டியும் அண்ணி போன் வந்தா பின்னாடி உன் சத்தம் கேக்குதான்னு காத குடுத்துனு இருப்பேன். எனக்கு கோவம் எப்பவோ போயிடுச்சி.

பரத்: எனக்குத்தான் வாய் வரல... மமதா, ஒண்ணு கேக்கட்டுமா?

மமதா: கேளு.

பரத்: அந்த கிளாஸ் எடுக்கறவங்க... நடுவுல கேள்வி கேப்பாங்களா? அத்தினி பேர் முன்னாடி எனக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல வராதும்மா. அத நெனச்சாத்தான் திக்குனு கீது.

மமதா: தமிழ்லயே சொல்லுண்ணே. கிளாஸ் எடுக்கறது நான்தான்.