முதல் கயிறு

ஞாயிற்றுக்கிழமை சூப்பில் பார்லியைக் குறைவாகத்தான் போட வேண்டும். கூடிவிட்டால் மறுநாள் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். அலெக் ஃபிளெட்டுக்கு அது பிடிக்காது. இருபத்திரண்டு வருடம் அவருக்கு நான்தான் சூப் வைத்தேன். அவர்மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை என்பது நம் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

சங்கத்தில் மரபணுச் சோதனை என் பொறுப்பு. கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் வேர் தேடி எழுதினால், சர்ச் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து பதில் போடுகிறவன் நான். போன வருடத்துக்கு முந்திய வசந்தத்தில் அலெக் அங்கே ஒரு தாளோடு வந்தார். தன் சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறுகள், எதை யார் பிடிப்பது என்ற பட்டியல். நம் ஊரில் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைப்பதுதானே. தலைமாட்டுக் கயிறு பெற்ற பிள்ளைக்கு. அந்த முதல் வரி காலியாக இருந்தது.

"எனக்கு ஒரு புள்ள இருக்கு, கென்னி. நேன்னு ஒருத்தி, அவ நியூசிலாந்து போறப்ப அவ வயித்துல இருந்துச்சு. கண்டுபிடிச்சுக் குடு. அந்தக் கயித்த அது பிடிக்கணும்."

ஏழாவது வரியில் என் பெயர் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது.

சோதனைக் குழாயில் எச்சில் துப்பச் சொன்னால் கிழவருக்கு வாய் வறண்டுபோயிற்று. வினிகரில் ஊறிய வெங்காயத்தைப் பற்றிப் பேசினேன். "பேசியே தின்ன வெச்சிருவியே" என்று சிரித்தார். குழாய் நிறைந்தது.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது, என் மின்னஞ்சலுக்கு. அவரிடம் கணினி இல்லை. நியூசிலாந்தில் டனீடன் நகரத்து வில்மா, தகப்பன் மகள் உறவு, சந்தேகமே இல்லை. அன்றைக்கே அவள் எழுதியிருந்தாள்: அவர் இருக்கிறாரா, எனக்கு எதுவும் வேண்டாம், குரலை ஒரு தடவை கேட்டால் போதும்.

அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்று பதில் எழுதி, கல்லறையின் படத்தையும் அனுப்பினேன். நம் ஊரில் ஒரே காலத்தில் ஏழு அலெக்சாண்டர் ஃபிளெட்டுகள் இருந்தார்கள், பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். நம் அலெக் 'நண்டு'. அந்தக் கல்லுக்கு அடியில் கிடப்பவர் 'பைபிள்'. கல்லில் பட்டப்பெயர் பொறிப்பதில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் ஜூன் மாதம் கல்லறையைப் பார்க்கவே வந்துவிட்டாள். அவள் மண்டியிட்டுப் பூ வைத்தபோது நான் குடை பிடித்தேன். திரும்புகையில் நான் இடுகாட்டுக் கதவைப் பூட்ட நின்றேன்; அவள் முன்னால் போய், துறைமுகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

"அந்த நீலக் கதவத் தாண்டி மேல ஏறும்மா. மெதுவாப் போ, கல்லு வழுக்கும்" என்றார் அலெக்.

அவள் நன்றி சொன்னாள். பேருந்து போனது.

"யாரு அந்தப் பொண்ணு? அழுத மூஞ்சியா இருக்கு."

"யாரையோ தேடி வந்தவங்க."

"கெடச்சாங்களா?"

"கெடச்சுட்டாங்க."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு நம்முடைய முடிவு எப்போது வரும் என்று கேட்டார். இதற்கெல்லாம் நாளாகும் என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும், சூப் ஆறும்வரை, அதே கேள்வி.

பிப்ரவரியில் இறந்தார். இரங்கல் செய்தியில் வந்த படத்தை வில்மா டனீடனிலிருந்து பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறாள். ஒரே கேள்விதான்: எனக்கு வழி சொன்னவர் அவரா? ஆம், அவர்தான். அப்படியே எழுதிவிடுங்கள்.

பட்டியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. முதல் வரி அப்போதும் காலி. அவருடைய பேனாவாலேயே என் பெயரை அதில் எழுதினேன். ஏழாவதற்கு ஆள் கிடைப்பது சுலபம். தலைமாட்டுக் கயிற்றைப் பிடிக்க ஒருவரும் இல்லாவிட்டால் பெட்டி சாய்ந்துவிடும். அவருக்குத்தான் யாருமே இல்லையே.