தனித் தம்ளர்

காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், டாக்டரம்மா. சுகாதார நிலையத்து நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னார். மூக்கையும் வாயையும் மூடிக்கொள், தனித் தம்ளர் வைத்துக்கொள், வயதானவர்கள் பக்கமும் பிள்ளைத்தாய்ச்சி பக்கமும் போகாதே என்றார்.

எர்ணாவூரில் எங்கள் வீடு ஒரே அறை. இருந்த ஒரே கட்டிலில் மாமனார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நெஞ்சு, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

மணலி புதுநகரில் கட்டிக் கொடுத்த என் மகள் அன்புக்கரசி அப்போது மாசமாக இருந்தாள். "யம்மா, எம் புருசன் வயித்துலயே ஒதைக்கிறான். வந்து இட்டுகினு போ" என்று போனில் அழுதாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நைனா கீற வரிக்கும் அவள எங்க படுக்க வெப்ப?" என்றார். யோசித்தால் அதுவும் நியாயம்தான். எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

அந்த வாரம்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தம்ளரில் வாய் வைக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். அன்று நான் கஞ்சித் தம்ளரில் வாய் வைத்து இரண்டு மடக்கு குடித்தேன். மீதியை மாமனாருக்குப் புகட்டினேன். முகக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, பொறுமையாகப் புகட்டினேன். "உனுக்கே ஒடம்பு நெருப்பா கீது, போய்ப் படும்மா" என்றார். படுத்தால் உங்களை யார் பார்ப்பது என்றேன். அந்த நெஞ்சு தாங்காது என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது. ஆனாலும் ஒரு வேளைகூட நான் நிறுத்தவில்லை.

அவர் காய்ச்சலில் விழுந்தார் என்றதும் அன்புக்கரசி யாரையும் கேட்காமல் ஓடி வந்துவிட்டாள். தாத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தள்ளி உட்கார் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பாளே என்று சும்மா இருந்துவிட்டேன். அவர் போனார். துணி மாற்றி, அந்தக் கட்டிலிலேயே மகளைப் படுக்க வைத்தேன்.

இப்போது அவளுக்குத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறீர்கள். வயிற்றில் அசைவில்லை என்கிறீர்கள். வீட்டில் முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டீர்கள். எனக்குத்தான். ஆனால் என் பிள்ளையிடம் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன், டாக்டரம்மா. மூக்கை மூடிக்கொண்டுதான் பேசினேன், அவள் தம்ளரைத் தொடவே இல்லை. அவளுக்குக் காய்ச்சலைக் கொடுத்தது அந்தக் கிழவர்தான். வயிற்றுப் பிள்ளைக்காரி என்றுகூடப் பார்க்காமல், சாகிறவரை அவள் மடியை விடவில்லை, பாவி மனுஷன்.