நேர்மைக்கு முதல் பரிசு

மெட்டுகுடா ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸ் அடையாள அட்டை. இளையவள் பேச ஆரம்பித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“நேர்மையைப் பத்தி என் பொண்ணு பேர்ல, அவளுக்கே தெரியாம நான் எழுதின கட்டுரைக்கு முதல் பரிசு வந்திருச்சுக்கா.”

“ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு வச்ச போட்டிதானே? எல்லா வீட்லயும் அப்பா அம்மாதான் எழுதித் தர்றாங்க. இதுல யாருக்கு நஷ்டம்?”

“நானும் பொண்ணுகிட்ட அதையேதான் சொன்னேன். ‘அந்தரூ அலாகே சேஸ்தே?’ன்னு தெலுங்குல கேக்குறா. எல்லாரும் அப்படியே செஞ்சா அது பிள்ளைங்க போட்டியாங்கிறா. தானே எழுதினவ ஒருத்தி இருந்தா நஷ்டம் அவளுக்குத்தானேங்கிறா.”

“அப்போ பரிசு நக்கோ, வேண்டாம்னுட்டாளா?”

“நேத்து மேடை ஏறினா. மைக்கை வாங்கி, ‘இது எங்க அம்மா எழுதினது’ன்னு சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டா.”

“உன் மானம் போயிருக்குமே.”

“போச்சு. தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அடுத்து ரெண்டாம் பரிசுக்காரி எழுந்து, தன்னோடது அப்பா எழுதினதுன்னு சொன்னா. மூணாம் பரிசும் திரும்பி வந்துச்சு. கடைசியில, அடித்தல் திருத்தலோட தானே எழுதி ஆறுதல் பரிசு வாங்கின ஒரு பொண்ணுக்குக் கோப்பையைக் குடுத்தாங்க. ஹாலே எழுந்து நின்னு கை தட்டி விசிலடிச்சுச்சு.”

“உன் பொண்ணுக்குத்தான் ஒண்ணுமில்லாமப் போச்சு.”

“முதல் விசில் அவளோடதுதான்க்கா.”