மைக்கை நீட்டினவர்

— கறுப்புச் சட்டை எக்ஸ்எல்ல இல்லையா அண்ணே? மில்டூராவுலேர்ந்து ஆறு மணி நேரம் காரை ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், வெறுங்கையோட அனுப்பிடாதீங்க.

— கறுப்பு தீந்துபோச்சும்மா. நீலம் இருக்கு.

— நீலமே குடுங்க. நெஞ்சுல வூல்பிரஸ்னு பேண்டு பேரு எழுதியிருந்தா போதும், கலரையா பாக்கப்போறேன். பதினேழு வயசுல இவங்க பாட்டைக் கேக்க ஆரம்பிச்சவ நான். கேசட்டு தேஞ்சே போச்சு. ஆனா நேர்ல கேக்குறதே வேற, இன்னிக்கும் முதல் கிடார் சத்தம் வந்து விழுந்ததும் பல்லெல்லாம் ஆடிச்சு. பக்கத்துல நின்ன தாத்தா ஒருத்தர் காது மிஷினைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுக் குதிக்கிறாரு. நான் அழுதே புட்டேன், சொல்றதுக்கென்ன.

— பாடினவர் எப்படி?

— டெஸ்ஸா? அவருக்கென்ன, சிங்கம். எழுபத்திரண்டு வயசுன்னு யாராவது சொல்வாங்களா? தொப்பை மட்டும் கொஞ்சம் முன்னாடி வந்து பாடுது.

— மூணாவதா "உப்புக்காத்து" பாடினப்ப, நடுவுல நிறுத்திட்டு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினாரே. அப்ப என்ன நெனச்சீங்க?

— என்னத்த நெனைக்க? நம்ம ஊரு பப்புல எவன்தான் நீட்டல? பல்லவி வந்தா மைக்கு நமக்கு, பீரு அவங்களுக்கு.

— பல்லவிக்கு எல்லாரும் நீட்டுவாங்க. இவரு சரணத்துக்கு நீட்டினாரு.

— சரணத்தையும் குடுத்தாரு. பெரிய மனசு. நீங்க என்ன அண்ணே, சட்டை விக்கிறீங்களா, விசாரணை நடத்துறீங்களா?

— என் பேரு ரஸ்ஸல். டெஸ்ஸுக்குத் தம்பி.

— அடக் கடவுளே. தொப்பைன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.

— அது கெடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மனசோட வச்சுக்குவீங்களா?

— கேளுங்க.

— பிப்ரவரியில டாக்டர் சொல்லிட்டாரு, டெஸ்ஸுக்கு மறதி நோய்னு. சாயங்காலம் ஆனா இன்னும் மோசம், அதான் எல்லாத்தையும் மத்தியான ஷோவா வச்சிருக்கோம். சரணம் வந்தா சொல்லு காணாமப் போயிடுது. அந்த நேரம் பாத்து மைக்கை நீட்டிடுறான். ஜனங்களும் வழக்கம்னு நெனச்சுப் பாடிடுறாங்க. எவனுக்கும் தெரியாதுன்னு நம்பிக்கிட்டிருக்கான்.

— சொல்லுங்க அண்ணே.

— என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். "ரஸ், கூட்டத்துல ஒரே ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் அன்னிக்கே என்னை மேடையை விட்டு இறக்கிடு. பாவம்னு கைதட்டுறவங்க முன்னாடி என்னை நிக்க வச்சிடாதே"ன்னான். இன்னும் அஞ்சு ஷோ இருக்கு. அடுத்த ஞாயிறு பெண்டிகோ. இறக்கிட்டா வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். பாடி முடிச்சு இறங்குற அந்த ஒரு மணி நேரந்தான் என் பேரே அவனுக்கு ஞாபகம் வருது. நீங்க முதல் வரிசையில நின்னீங்க. உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சுதா?

— தெரியலையே அண்ணே.

— கொஞ்சங்கூட?

— துளிகூடத் தெரியல. என்கூட நின்னவங்களுக்கும் தெரியல. பேசாம பெண்டிகோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.

— அப்பாடா. ஒரு வாரமா சாப்பாடு எறங்கல எனக்கு. இந்தாங்க சட்டை, காசு வேண்டாம்.

— டெனீஸ், இங்கதான் இருக்கியா? உன்னை பார் முழுக்கத் தேடிட்டேன். பெண்டிகோ ஆளுங்க ஃபோன்ல உயிரை வாங்குறாங்க.

— அப்புறம் பேசிக்கலாம் கிளைவ். அண்ணே, இவரு என் வீட்டுக்காரர்.

— வணக்கம்ணே. அப்புறமாவது ஒண்ணாவது, அவங்க லைன்ல இருக்காங்கடி. "உப்புக்காத்து" ரெண்டாவது சரணம் அங்க பாதிப் பேருக்கு வரலையாம். டெஸ் மைக்கை நீட்டும்போது நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா மனுஷன் என்ன ஆவாருன்னு கேக்குறாங்க. நீதானே ஊரு ஊருக்குப் பாட ஆள் பிரிச்சுக் குடுத்தே?

— வாயை மூடு கிளைவ்.

— ஏன், நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?

— எப்பலேர்ந்தும்மா தெரியும்?

— இவரு எதையோ உளறுறாரு, விடுங்க அண்ணே.

— எப்பலேர்ந்துன்னு கேக்குறேன்.

— மார்ச்சுலேர்ந்து. வார்னம்பூல்ல ஒரே பாட்டை ரெண்டு தடவை ஆரம்பிச்சாரு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்கே ரசிகர் குழுவுல எழுதிப் போட்டேன். எல்லாப் பாட்டையும் ஒரு சொல்லு விடாம மனப்பாடம் பண்ணுங்க, அவரு எங்க விட்டாலும் நாம எடுத்துக்கணும்னு. பாவம்னு யாரும் பாடல அண்ணே. நாப்பது வருஷமா எங்க கூடவே இருந்த பாட்டு. அவருக்கு ஆசையாத்தான் பாடுறோம். உங்ககிட்ட பொய் சொன்னது தப்புதான். சத்தியம் பண்ணினது நீங்க. அவரை இறக்கணும்னு தோணிச்சுன்னா இறக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— இன்னிக்கு வந்ததுல எத்தனை பேருக்குத் தெரியும்?

— எல்லாருக்கும்.

— கிளைவ், அந்த ஃபோனை இப்படிக் குடு. ஹலோ, பெண்டிகோவா? எழுதிக்கோங்க, ரெண்டாவது சரணத்தை நான் சொல்றேன். அப்படியே முன்வரிசையில எனக்கும் ஒரு எடம் பிடிச்சு வைங்க.