ராணியம்மா சம்மதிக்கும் காட்சி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு தாமதமாகிவிடும். மற்ற வீடுகளில் முறுக்கு சுடுவதால் தாமதமாகும். எங்கள் வீட்டில் ஓர் இளவரசனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை யாரும் தட்டு எடுக்கக் கூடாது.

சிரிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது, அதனால் ஏட்டையா பேனாவை மூட வேண்டாம். வேகமாகச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் டிக்டேஷன் போட்ட வாய் இது.

பெயர் கிருபாபாய். ராஜபாளையத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தங்கை ஸ்வீட்லின் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவளைப் பெற்ற படுக்கையிலிருந்து அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பாவும் ரொம்ப நாள் இருக்கவில்லை. தூக்கி வளர்த்தது நான். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடப் பிரேயரில் நின்றபடியே விழுந்தாள். காக்கா வலிப்பு என்றார்கள். அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் மாத்திரையை நான்தான் அவள் உள்ளங்கையில் வைப்பேன். டப்பாவை அவளிடம் கொடுத்ததில்லை. வலிப்பும் அதன்பிறகு அடங்கிவிட்டது. பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடித்து பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனாள். கெட்டிக்காரி என்று அங்கே சொல்வார்களாம். துணி மடிக்க என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டியிருக்கிறதோ தெரியவில்லை.

அந்த வெள்ளைக்காரப் படங்களை அவளுக்குப் பழக்கிவிட்டது பக்கத்து மேஜையில் மடிக்கிற மாரிசெல்வி. இளவரசன் தமிழில் பேசுவான். உதடு ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். எல்லாம் ஒரே படம்தான், பெயர் மட்டும் மாறும். கேக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். அட்லஸில் இல்லாத ஒரு நாடு. அந்த நாட்டில் வரி கிடையாது, தேர்தல் கிடையாது, வேலை வெட்டி கிடையாது. ஜனங்கள் மாதம் முழுக்க மரத்துக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இளவரசன் தான் யாரென்று சொல்லாமல் டிரைவராகவோ தோட்டக்காரனாகவோ வந்து நிற்பான். இவள் ஏணியிலிருந்து விழுவாள், அவன் பிடிப்பான். உடனே பனி விழும். அவனுடைய அம்மா, அந்த நாட்டு ராணி, முதுகில் மரச்சட்டம் வைத்துத் தைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து வேண்டாம் என்பாள். கடைசிப் பத்து நிமிஷத்தில் அவளுக்கு என்ன தோன்றுமோ, தன் தலையில் இருப்பதைக் கழற்றி இந்தக் கேக் கடைக்காரிக்கு வைத்துவிடுவாள். இதற்குக் கிறிஸ்துமஸ் படம் என்று பெயர். கிறிஸ்து ஒரு காட்சியில்கூட வரமாட்டார். அதைச் சொன்னால் ஸ்வீட்லின், "அவரு மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருப்பாரு" என்பாள். அவளுக்கு இருந்த அறிவு அம்புட்டுத்தான்.

நம் ஊரில் பாதி வருஷம் வெயில், மீதி வருஷம் அதைவிட வெயில். இவள் கம்பெனியில் கழித்த பஞ்சைக் கேட்டு வாங்கி வந்து, பிளாஸ்டிக் மரத்தில் பனி என்று ஒட்டுவாள். அது மின்விசிறிக் காற்றில் பறந்து குழம்பில் விழும். நான் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன்.

போன வருஷ டிசம்பரில் எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. சபையார் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். கூடவே ஒருவர் சிவப்பு உடுப்பும் முகமூடியும் வயிற்றில் தலையணையுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஆடுவார். விளக்கு வைத்த நேரம். ஆடி முடித்த தாத்தா எங்கள் வாசலில் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் கேட்டது. சாம்சன் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கல்லூரி பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். எங்கள் சபையில் ஆட ஆளில்லை என்று கூட்டி வந்திருக்கிறார்கள். ஸ்வீட்லின் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்தை மறைத்து வந்த ஆள், டிரைவர் வேலை, வேறென்ன வேண்டும் அவளுக்கு? படத்தில் டிரைவராக வருகிறவன் கடைசியில் இளவரசன் என்று தெரியவரும். இங்கே வந்தவர் கடைசிவரை டிரைவர்தான்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். குடியில்லை, வாய்ச்சவடால் இல்லை, பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வரும்போதெல்லாம் பால்கோவா கொண்டுவருவார். எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்ன பிறகு வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தார். என்னை டீச்சர் என்பார். என் முன்னால் நாற்காலியில் உட்காரவே கூச்சப்படுவார். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று என் தங்கையிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கூடாது என்றேன். அதற்கும் சிரித்தாள்.

"யக்கா, நீயும் அந்த ராணியம்மா மாதிரிதான். மொதல்ல மொறைப்ப. கடைசில நீயே கையப் பிடிச்சுக் குடுத்துருவ, பாரு."

என்னைப் பற்றி அவள் தெரிந்து வைத்திருந்தது இவ்வளவுதான் என்பது எனக்கு வேதனையாக இருந்தது. மறைக்கவில்லை, வேதனையாகத்தான் இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவளும் ஒரு காரணம். அதை நான் சொல்லிக் காட்டியதில்லை, அவள் கேட்டதும் இல்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்லக்கூடியவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழித்துக் கல்யாணம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முதல் ஓலை வாசித்தபோது நான் முன் பெஞ்சில் இருந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. வளர்த்தவளே தடை சொன்னாள் என்று ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தவிர, நான் சொல்லித் தடை வந்தால் ஸ்வீட்லின் என்னை மன்னிக்க மாட்டாள். தடை தானாக வர வேண்டும்.

அந்தப் படங்களில் எப்போதும் ஒரு ரகசியம் இருக்கும். அது ஊர்கூடிய இடத்தில் உடையும், இளவரசன் முகம் தொங்கிப்போகும். அத்தனை பொய்யிலும் அந்த ஒரு காட்சி மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். தனக்கு இருக்கிற சீக்கை ஸ்வீட்லின் அவரிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நிச்சயமாக நம்பினேன். நான் அவளிடம் கேட்கவில்லை.

எனக்கு எலும்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வெள்ளைதான், வட்டம்தான். உடம்புக்கு நல்லது. முதல் ஓலை வாசித்த அன்று ராத்திரியிலிருந்து வலிப்பு மாத்திரைக்குப் பதில் அதைக் கொடுத்தேன். அவள் பார்க்கவில்லை. என் கையிலிருந்து வருவதை அவள் ஒருநாளும் பார்த்து வாங்கியதில்லை.

சபைக்கு முன்னால் ஒரே ஒரு தரம் விழுந்தால் போதும் என்பது என் கணக்கு. நான் பக்கத்தில் இருப்பேன், தலையைத் தாங்கிக்கொள்வேன், கையில் இரும்புச் சாவியெல்லாம் திணிக்க விடமாட்டேன். சாம்சன் பார்ப்பார். மரியாதையான மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிக்கொள்வார். என் தங்கை கொஞ்ச நாள் அழுவாள். பிறகு அடுத்த டிசம்பர் வரும், வேறு படம் வரும். இதில் யாருக்கும் கெடுதல் நினைத்ததாக எனக்குப் படவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். ஸ்வீட்லின் மஞ்சள் சேலையில் நின்று கடைசிப் பாட்டுவரை நன்றாகப் பாடினாள். காலையில் கண் கொஞ்சம் சொருகினாற்போல இருந்தது, டீத்தம்ளர் கையிலிருந்து நழுவியது, அவ்வளவுதான். அவளுக்கு அது புரியவில்லை. கல்யாணப் பதற்றம் என்றாள்.

மறுநாள் சாம்சன் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருடைய வீட்டு வாசலில் அவள் கையால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட வேண்டுமாம். ஸ்வீட்லின் காகித நட்சத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்று, அவளுக்குக் கேட்காதபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், மாத்திர குடுத்துட்டியளா? பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்லா, அதான் கேட்டேன்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே சொல்லிட்டா டீச்சர். தண்ணி குடுக்கயிலேயே சொன்னா. எனக்கு வலிப்பு உண்டு, அக்காதான் பாத்துக்கிடுதான்னு."

அப்படியானால் ரகசியமே இல்லை. தெரிந்தேதான் ஒரு வருஷமாக வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்திருக்கிறார். அவள் சபையில் விழுந்திருந்தாலும் அவர்தான் ஓடிவந்து தாங்கியிருப்பார். நான் செய்தது அத்தனையும் வீண் என்று அந்த வாசலில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்றால்கூடப் போதும். இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்கிறவர்கள்தான். அந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

"குடுத்தாச்சு" என்றேன். அதில் பொய்யில்லை. கதவைச் சாத்திவிட்டு மரத்தடியில் சிந்திக் கிடந்த பஞ்சைப் பெருக்கினேன்.

பாதி வழியில் அவள் பின்னாலிருந்து சரிந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தலையில் அவளுடைய கம்பெனித் துணியையே சுற்றியிருந்தார்கள். சாம்சன் சட்டையெல்லாம் ரத்தமாக நின்று, மாடு மாதிரி ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று தன்னையே ஏசிக்கொண்டிருந்தார். மெதுவாக ஓட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் அவர்மேல் வழக்குப் போட்டீர்கள், லைசென்ஸை வாங்கி வைத்தீர்கள். பஸ்ஸிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு அவளை மதுரைக்கு மாற்றினார்கள்; அங்கே டாக்டர் ரத்தத்தைப் பார்த்து, இந்தப் பெண் உடம்பில் அந்த மருந்தே இல்லையே என்றார். நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நேற்று நீங்கள் வார்டில் அவளிடமும் விசாரித்ததாகச் சொன்னீர்கள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது என்றீர்கள். மாத்திரையை நிறுத்தினாயா, மறந்தாயா என்று கேட்டதற்கு அவள் சொன்னதை நீங்கள் அப்படியே எனக்குச் சொன்னீர்கள்: "அக்கா... ஒரு வேளகூட... தவறவிடல. அக்கா மேல... தப்பு வராம... எழுதுங்க."

அவள் சொன்னது சரி. ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலையும் ராத்திரியும் மருந்தில்லாத மாத்திரையை மருந்து என்று என் கையால் கொடுத்தேன். அவள் விழ வேண்டும் என்றுதான் கொடுத்தேன். சபையில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன்; ரோட்டில் விழக்கூடும் என்று வாசலில் நின்றபோது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வண்டியில் ஏற விட்டேன். சாம்சன்மேல் குற்றமில்லை. ஏட்டையா இதைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

வார்டிலேயே தாலி கட்டி அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போக அவர் போதகரிடம் கேட்டிருக்கிறாராமே. அதை மட்டும் நீங்கள் நிறுத்த வேண்டும், ஐயா. அவருக்கு என்ன தெரியும்? சோறு எம்புட்டுக் குழைய வேண்டும், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எதுவும் தெரியாது. என்னை எத்தனை வருஷம் உள்ளே வைத்தாலும் சரி. வெளியே வந்த அன்றைக்கு அவளை என்னிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். இத்தனை காலம் அவள் பாட்டுக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், படம் பார்த்தாள், சிரித்தாள். இப்போதுதான் அவளுக்கு நான் இல்லாமல் முடியாது.